மெஸ் வாசல் அடைசல்

"சாயங்காலத்துக்குள்ள இதெல்லாம் போகலைன்னா, நாளைக்கு உன் கடையே போயிடும், அஞ்சம்மா!"

யக்ஞநாராயணன் போட்ட சத்தத்தில், மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைப் பாதியில் நிறுத்தினார்கள். எதிரே இருக்கும் ஃப்ளாட்டின் சங்கத் தலைவர் அவர். கடை இடத்துக்குச் சொந்தக்காரர் அவருடைய சிநேகிதர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலி பண்ண வைத்துவிடுவார்.

வாசல் நடைபாதையில் கால் ஒடிந்த பெஞ்சு, ஓட்டை டிரம், ஓடாத கிரைண்டர், அதன் தலையில் ஒரு கிழிந்த குடை. சிட்லபாக்கத்திலேயே இப்படி ஓர் அடைசல் கிடையாது என்பது அவர் கட்சி.

"எடுக்க மாட்டேன் சார்" என்றாள் அஞ்சம்மாள், சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே.

"இங்கிலீஷ்ல மெஸ்ஸுன்னா சாப்பாட்டுக் கடைன்னும் அர்த்தம், அலங்கோலம்னும் அர்த்தம். நீ ரெண்டையும் சேர்த்தே நடத்துறே!"

"மூணாவதா வம்புன்னும் ஒண்ணு கீதாம் சார். 'என்கிட்ட மெஸ் பண்ணாதே'ன்னு பனியன்ல போட்டுகினு வருதுங்க, நம்ம சிறுசேரி ஐடி புள்ளைங்க."

உள்ளே யாருக்கோ சிரிப்பில் புரையேறியது.

அது போதாதா? வேட்டியை மடித்துக் கட்டினார் தலைவர். டிரம்மை எட்டி உதைத்தார். பெஞ்சை இழுத்து ரோட்டில் எறிந்தார்.

"சார், வேணாம்! காலைப் பார்த்து வைங்க!" வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"தள்ளிப் போ!"

கிரைண்டரைப் புரட்டியவர், பிடி வழுக்கி முன்னால் சாய்ந்தார். அஞ்சம்மாள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் ஆள் உள்ளே போயிருப்பார்.

நடைபாதை நடுவில் மழைநீர்க் கால்வாய் மூடியில்லாமல் கிடந்தது. ஓர் ஆள் ஆழம். கறுப்புத் தண்ணீர்.

மூச்சு திரும்பியதும் முதல் வேலையாகக் கோபம் வந்தது அவருக்கு. "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் உங்க மீட்டிங்குக்கு வந்தேன். வாட்ச்மேனை வுட்டு வெளிய தொரத்துனீங்க." கிரைண்டரைப் பழையபடி பள்ளத்தோரம் நகர்த்தினாள் அவள். "இஸ்கூல் புள்ளைங்க நடக்கிற வழி சார். கடை போனா போவட்டும், இதை நவுத்த வுட மாட்டேன்."

"மூடியை எந்தத் திருட்டுப்பய தூக்கிட்டுப் போனான்? இப்பவே போலீஸுக்கு போன் போடறேன்!"

"நல்லாப் போடுங்க. உங்க கேட்டாண்ட காரு ஏர்றதுக்கு ஒரு சிமெண்ட் பலகையைச் சாய்ச்சுப் போட்டு வெச்சுக்கீறீங்களே சார், அதான் இதோட மூடி."