இலவம் பஞ்சு

மாமரத்து அணிலின் கூட்டில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. பனிக்காற்றில் குட்டி நடுங்குவதைப் பார்த்தார், காட்டுக் குஞ்சுகளின் நலன் காக்கும் அதிகாரியான கொக்கு. "பிள்ளை வளர்க்கிற இடமா இது?" என்று அதைத் தூக்கிப்போய், ஆற்றுக்கு இக்கரையில் புளியமரத்து அணிலிடம் ஒப்படைத்தார்.

அந்த அத்தை நல்லவள்தான். தன் வாலாலேயே போர்த்தித் தூங்க வைப்பாள். ஆனாலும் குட்டி விடிந்ததும் நுனிக்கிளைக்கு ஓடிவிடும். அக்கரையிலிருந்து காற்று வந்தால் மூக்கைத் தூக்கி மோந்து பார்க்கும்.

கொக்கு வாராவாரம் அலகு நிறைய இலவம் பஞ்சு கொண்டுவந்தார்.

"எங்கூட்டுல ஓட்டையே இல்லீங்களே," என்றாள் அத்தை.

"பிள்ளை எங்க இருக்கோ அங்கதான் பஞ்சு. அதுதான் சட்டம்."

குட்டி இறங்கி வந்தது. "அப்போ என்னை அம்மாகிட்ட விட்டுட்டு, பஞ்சையும் அங்கயே குடுங்களேன்."

"ஓட்டைக் கூட்டுல உன்னை எப்படிம்மா விடறது?" என்று வாஞ்சையோடு கேட்டுவிட்டுக் கொக்கு பறந்துபோனார்.

குட்டி ஒரு வாய் பஞ்சைக் கவ்விக்கொண்டு நுனிக்கிளைக்குப் போனது. காற்று அக்கரைப் பக்கம் திரும்பட்டும் என்று காத்திருந்தது.