அடுத்த வரி

அரசமரத்தில் அன்று கவியரங்கம். தாய் விட்டுப்போன பிள்ளைகளைப் பற்றிக் கவிதை எழுதி வந்திருந்தாள் குயிலம்மா.

"முட்டையை வைத்துவிட்டு எங்கே பறந்தாய், தாயே?" என்று முதல் வரியைப் பாடிவிட்டு, கூட்டம் 'மறுபடியும்' என்று கேட்பதற்காக வழக்கம்போல் நிறுத்தினாள். கூட்டமும் கேட்டது.

அவள் வாய் திறக்குமுன், காக்கையின் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு அந்த வரியைத் திருப்பிப் பாடியது. அச்சு அசல் அவள் குரல்.

காக்கைக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்க வம்சத்துலயே யாருக்கும் பாட்டு வராதும்மா. இவன் யாரைக் கொண்டு பொறந்தானோ! உங்க வாயால ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று குஞ்சை முன்னால் தள்ளினாள்.

குஞ்சு அண்ணாந்து பார்த்து, "அடுத்த வரி என்னம்மா?" என்றது.

குயிலம்மா தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டாள்.

கவிஞர் உருகிவிட்டார் என்று மரமே சிறகு தட்டியது.