தெரு முனை வரைக்கும்

"இன்னியோட சரி! சாயங்காலம் அவ வந்ததும் சாவியை வாங்கி உள்ளே வச்சிடப் போறேன்."

பால்கனியில் காபி டம்ளரை ணங்கென்று வைத்தார் மாமனார். "நம்ம மருமக ஸ்கூட்டர் ஓட்டறாளா, ராக்கெட் விடறாளா?"

"மெதுவாத்தாங்க போறா" என்றாள் மனைவி, பீன்ஸ் நறுக்கியபடி.

"ஆயுசு பூரா பஸ் ஓட்டினவன்கிட்டயே வேகத்தைப் பத்திப் பேசறியா? அதே வண்டியைத்தான் நம்ம பையனும் ஓட்டறான். எவ்ளோ பதவிசாப் போறான்!"

வீட்டுக்கு ஒரே ஸ்கூட்டர். கண் ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட் இருக்கும் நாளில் மருமகளுக்கு, மற்ற நாளில் மகனுக்கு. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. சாவி போனால் அவள் வேலைக்கும் முழுக்குத்தான்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் மருமகளின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"மாமா, உங்க பையன் கிளம்பினா தெரு முனை வரைக்கும் கண்ணாலயே கொண்டுபோய் விடறீங்க. கண்ணு கூடவே போனா வண்டி மெதுவாத்தான் தெரியும். நான் போறப்போ எதிர்வீட்டு கேட்டை முறைச்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க. அசையாத கண்ணு முன்னாடி எது குறுக்கே போனாலும் பறக்கிற மாதிரிதான் இருக்கும்."

"என் கண்ணுக்கே வைத்தியமா? சாவி ஆணியில தொங்கட்டும். இனிமே உன் புருஷன் மட்டும்தான் தொடணும்!"

மறுநாள் காலை நல்ல மழை. கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். மாமனார் ஆவலாக எட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டும் மகனின் நீல மழைக்கோட்டும் தெரிந்தன.

கை காபியை மறந்தது. கண்கள் வண்டியோடு கூடவே போய், முனை திரும்பிய பிறகுதான் வீடு வந்தன.

"பாத்தியா? இதுக்குப் பேர்தான் ஓட்டறது! உன் மருமகளை வந்து கத்துக்கச் சொல்லு."

அப்போது வாயில் பிரஷ்ஷோடு உள்ளேயிருந்து மகன் வந்தான். "அம்மா, என் மழைக்கோட்டு எங்கே?"

மனைவி பீன்ஸிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"இப்பதான்டா முனை திரும்பிச்சு."

மாமனாருக்கு அசடு வழிந்தது.

சாயங்காலம் மருமகள் பயந்துகொண்டே சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீயே வச்சுக்கோம்மா. ஆனா நாளையிலேருந்து கொஞ்சம் வேகமாப் போ. நீ முனை திரும்பறதுக்குள்ள என் காபி ஆறிப் போயிடுது!"