கேட்பதற்கு முன்பே

பள்ளி வேன் ஓட்டுகிறவள் போக்குவரத்து அதிகாரியின் மேசைக்கு முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு இன்று விசாரணை. அன்று பின்னால் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்தது, வழிவிடத்தான் முன்னே போனாள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கிறது. அதன் காற்றில் கோப்பின் மேலட்டை விலக, உள்ளே ஒரு தாள் தெரிகிறது. எழுத்துகள் அவளுக்குத் தலைகீழாக இருக்கின்றன. ஆனாலும் தன் பெயரையும், ‘உரிமம் ஆறு மாதம் நிறுத்திவைக்கப்படுகிறது’ என்ற வரியையும் படித்துவிடுகிறாள். கீழே முத்திரைகூட விழுந்தாயிற்று.

“இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா” என்று அதிகாரி அந்தத் தாளை எடுத்து வைத்துப் பேனாவை நீட்டுகிறார். துணைக்கு வந்த அண்ணன் முழங்கையால் இடிக்கிறான். “போட்டுட்டு வா. நாளைக்கும் இவங்க மூஞ்சிலதான் முழிக்கணும்.”

வாங்கிய பேனாவை அவள் மேசைமேல் வைக்கிறாள். “சார், என்னை இன்னும் ஒண்ணுமே கேக்கலையே. அதுக்குள்ள எழுதிட்டீங்களா?”

பக்கத்து மேசைகளில் தட்டச்சு ஓசை நின்றுபோகிறது. அதிகாரி அவளையே பார்க்கிறார். “சரி, சொல்லுங்க” என்கிறார். தாளை அவர் கிழிக்கவில்லை, கவிழ்த்து மட்டும் வைக்கிறார். அந்தத் தாளைப் பார்த்தபடியே அவள் தொடங்குகிறாள். “அன்னைக்குக் காலைல, சார்...”