தாயார் பெயர்

"அவ நான் பெத்த புள்ள இல்ல, டீச்சர்."

கங்கா டீச்சர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். எதிரே இருந்த வேலாயி தேயிலைக் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தாள். ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஈரக் காலோடு நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா சொல்றீங்க? லயத்து வீட்டுலதான் அவ பொறந்தான்னு போன வாரம் சொன்னீங்களே?"

"அவ பக்கத்துல உக்காந்திருந்தா. எப்படிச் சொல்றது? கோயிலுக்குப் பின்னால துணியில சுத்திக் கெடந்தா. தூக்கிட்டு வந்து வளர்த்தோம். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் போய்ச் சேந்துட்டாரு."

அந்த இடைநிலைப்பள்ளியில் மாணவர் ஆலோசனைப் பிரிவு என்றால் கங்கா ஒருத்திதான். ஆய்வுக்கூடத்துக்கும் சாமான் அறைக்கும் நடுவே ஒரு மேசை, மூன்று நாற்காலி. சிகரெட் பிடித்தவன், காதல் கடிதம் எழுதியவள், கோஸ் தோட்டத்தில் கூலிக்குப் போய் வகுப்புக்கு மட்டம் போட்டவன் என்று எல்லாரையும் அங்கேதான் தள்ளிவிடுவார்கள். ஆனால் மூன்று மாதமாக அவள் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருந்தது ஒரு தப்பும் செய்யாத பெண். வேலாயியின் மகள் யுவனேஸ்வரி. ஐந்தாம் படிவம், அறிவியல் பிரிவில் முதல் மாணவி. ஐ.சி. என்னும் அடையாள அட்டை இல்லை, பிறப்புப் பத்திரமும் இல்லை.

அறிவியல் பிரிவுத் தலைவர் கோகிலன் சார் தினமும் எட்டிப் பார்த்து, "இப்படி ஒரு புள்ள எனக்கு இருபது வருஷத்துல கெடச்சதில்ல. ஏதாவது செய்யுங்க டீச்சர்" என்று புலம்பிவிட்டுப் போவார். செய்ய என்ன இருக்கிறது? பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வுக்கு ஐ.சி. இல்லாமல் பெயர் கொடுக்க முடியாது; வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பாழாய்ப்போன கதை அது. வேலாயி பிறந்ததை அவள் அப்பா எங்கேயும் பதியவில்லை. அதனால் அவளுக்கே ஐ.சி. கிடையாது. அவள் கழுத்தில் தாலி ஏறியது தோட்டத்துக் கோயிலில். சாமிக்குத் தெரிந்த அந்தக் கல்யாணம் பதிவு இலாகாவுக்குத் தெரியாது. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை தாயின் கணக்கில்தான் சேருமாம். தாய்க்குக் குடியுரிமை இல்லை என்றால் மகளுக்கும் இல்லை. இதை விளக்கி விளக்கியே கங்காவுக்கு வாய் வலித்துவிட்டது.

இப்போது அவளுக்கு உயிர் வந்தது.

"இத முன்னாடியே சொல்லக்கூடாதாக்கா? கண்டெடுத்த புள்ளன்னா கதையே வேற, சட்டப்படி இந்த நாட்டுப் புள்ளதான். குடியுரிமைக்கு மனு போட்ட ரசீதக் காட்டி பரீட்சைக்குப் பேரு குடுத்துடலாம்!"

"அப்ப அவளக் கூப்பிடுங்க டீச்சர். ஆபீசுல அவளயும் கேப்பாங்கல்ல. யாரோ சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

யுவனேஸ்வரி ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள்.

"என்னம்மா, இந்நேரத்துல வந்திருக்க? கங்காணி ஏச மாட்டாரா?"

வேலாயி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பனி மூடிக் கிடந்த திடலைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று சொல்லி முடித்தாள்.

மகள் முதலில் சிரித்தாள். "சும்மா வெளையாடாதம்மா லா." பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று.

"அப்ப எங்கம்மா யாரு?"

"தெரியாது."

"என்னத் தூக்கிப் போட்டவ யாருன்னு நீ விசாரிக்கக்கூட இல்லியா?"

"இல்ல."

"பதினேழு வருஷமா என்ன ஏமாத்தியிருக்க."

பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் கங்கா அணைத்துத் தேற்றியிருப்பாள். அவள் அழவில்லை.

"நீங்க வேலைக்குப் போங்க. நான் இனிமே ஆஸ்டல்ல இருந்துக்கிறேன். இவ்வளவு நாளு சோறு போட்டதுக்கு ரொம்ப நன்றி."

பேச ஆரம்பித்த நாளிலிருந்து அம்மாவை நீ, வா, போ என்று கூப்பிட்ட பெண். அவள் வாயிலிருந்து வந்த மரியாதையை வாங்கிக்கொண்டு வேலாயி தலையை மட்டும் ஆட்டினாள். வராந்தாவில் காலடிச் சத்தம் தேய்ந்து போயிற்று.

கங்கா வேலாயியின் தோளைத் தொட்டாள். "வளர்த்த பாசம் எங்க போயிடும்? ரெண்டு நாள்ல வந்துடுவாக்கா."

"வராட்டியும் பரவால்ல டீச்சர். படிச்சு எங்கயாவது நல்லா இருக்கட்டும். மொதல்ல பேரக் குடுத்துடுங்க."

கங்கா குடியுரிமை மனுப் பாரத்தை எடுத்து நிரப்பினாள். தாயார் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும், 'தெரியாது' என்று மலாய் மொழியில் எழுதினாள்.

"அதுல என்ன எழுதுனீங்க?"

"அம்மா யாருன்னு தெரியாதுன்னு போட்டிருக்கேன்."

வேலாயி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"இங்க, எடுத்து வளர்த்தவங்கங்கற எடத்துல. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஆஸ்பத்திரியில ஒங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. பயப்படாதீங்க, நமக்கு அது நல்லதுதான். ஒங்களுக்கும் அவளுக்கும் ரத்த ஒறவே இல்லன்னு அதுல வந்துட்டா, அப்புறம் யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது."

பேனா தாளின் மேல் அப்படியே நின்றது.

"தாய் யாருன்னு தெரியாத புள்ளையா இருந்தாத்தான் வழி இருக்குன்னு போன வாரம் பேச்சோட பேச்சா நீங்கதான சொன்னீங்க. அதான் அப்படிச் சொன்னேன்" என்றாள் வேலாயி. "ரத்தம் எடுத்தா நான்தான் பெத்த தாயின்னு காட்டிக் குடுத்துடுமே, டீச்சர்!"