கொடுத்தவருக்கு ஒரு நாள் லீவு

துளி மிதந்தது.

சின்னம்மையின் விரலைக் குத்தி எடுத்த ரத்தத் துளி, குடுவையிலிருந்த நீலத் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். முங்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, கொடுக்கலாம். ரத்தம் கொடுத்தவர்களுக்கு மறுநாள் சம்பளத்தோடு லீவு என்று எஸ்டேட்டில் சொல்லியிருந்தார்கள்.

சின்னம்மைக்கு அந்த லீவுதான் வேண்டும். ரத்ததான முகாமில் தர்மவதி மாதிரி வரிசையில் நின்றாளே தவிர, மனசு முழுக்கக் குன்னூர் ஆஸ்பத்திரியில் இருந்தது. நாளைக்குத்தான் அங்கே பொம்பளை டாக்டர் வரும் நாள்.

ஏழு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு எட்டு நாள் போகிறது. நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி கட்டியாக விழுகிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கையில் மழைக்காக இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் படங்கை நல்ல வெயிலிலும் அவள் அவிழ்ப்பதில்லை. காலில் வழிந்ததைப் பார்த்து யாராவது கேட்டால், அட்டை கடித்துவிட்டது என்பாள். பாவம், அந்தத் தோட்டத்து அட்டைகள் செய்யாத குற்றத்துக்கெல்லாம் பழி சுமந்தன.

லீவை நேராகவே கேட்கலாமே என்றால், கேட்கலாம். சூப்பர்வைசர் மனோகரன் காரணத்தை எழுதிக்கொள்வார். காலையில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேர் கூப்பிடும் பெரட்டில், இன்னாருக்கு இன்ன காரணத்தால் லீவு என்று வாசிப்பார். நல்ல மனுஷர்தான். குரல் மட்டும் அடுத்த மலைக்குக் கேட்கும்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த நர்ஸ் ராஜப்ரியா குடுவையைத் தூக்கிப் பார்த்தாள். சின்னம்மையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏனுங்கக்கா, மாசமானா ரொம்பப் போகுதுங்களா? கட்டி கட்டியா?"

"எல்லாருக்கும் போறதுதானேம்மா."

யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது. இந்த விஷயத்தை அவள் இதுவரை ஒருத்தியிடமும் பேசியதில்லை.

"இப்படிப் போகக் கூடாதுங்க. தள்ளிப் போடாம டாக்டரைப் பாருங்க. உங்ககிட்ட நாங்க எடுக்க முடியாது, உங்களுக்குத்தான் ஏத்தோணும்."

விரலில் பஞ்சை வைத்து அனுப்பிவிட்டாள். லீவு போச்சு. சின்னம்மைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் கண்ணிலும் படாமல் அழலாம் என்று கொட்டகையின் பின்பக்கம் போனாள்.

அங்கே இரண்டு நீள பெஞ்சுகளில் பதினாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினாறு பேர் விரலிலும் பஞ்சு. ஒருத்தி முழங்கையிலும் பிளாஸ்திரி இல்லை.

தன் காலிலும் அட்டை கடித்ததாகப் போன வாரம் சொன்ன வேலாமணி, தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்து இடம் விட்டாள். சின்னம்மை உட்கார்ந்தாள். அழ வந்தவளுக்கு இப்போது கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மனோகரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி, கையில் பிஸ்கட். போருக்குப் போய்த் திரும்பியவர் மாதிரி இருந்தது நடை.

"நாளைக்கு நான் வரமாட்டேன். முந்நூத்தம்பது மில்லி எடுத்துட்டாங்க. அவ்வளவு ரத்தம் போனா உடம்பு தாங்குமா? ஒரு நாள் படுத்தே இருக்கணுமாம்."

பெஞ்சில் இருந்த பதினேழு பேரும் அவருடைய பிளாஸ்திரியைப் பார்த்தார்கள்.

சின்னம்மை எழுந்தாள். கண் இருட்டியது. வேலாமணியின் தோளைப் பிடித்து நின்றுகொண்டாள்.

"எனக்கு மாசம் எட்டு நாள் போகுதுங்கய்யா, கட்டி கட்டியா. நாளைக்கு நான் குன்னூருக்கு டாக்டரைப் பாக்கப் போறேன். இதையே காரணமா எழுதிக்குங்க."

வாயருகே போன பிஸ்கட்டை மனோகரன் கடிக்கவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை. நாளைக்கு அதை வாசிக்க அவர் இருக்கப் போவதில்லை என்பது நினைவுக்கு வந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "எனக்கும் அதையே எழுதிக்குங்கய்யா" என்று வேலாமணி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.