வண்டி நகராது

அமுதவள்ளி நடுத்தெருவில், ஜேசிபிக்கு முன்னால், நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரிங்கக்கா, வேலை கிடக்குது,” என்று கெஞ்சினார் புதிதாக வந்திருந்த மேற்பார்வையாளர் ஜேம்ஸ்ராஜ்.

“என் வீட்டுக்கு ஒரு வழி சொல்லாம வண்டி நகராது.”

கோவில்பட்டியின் பழைய தெரு அது. வாசல்களில் போட்டிருந்த சிமெண்ட் தளங்களைப் பெயர்த்து, மூடிப்போன மழைநீர் ஓடையைத் திறந்து, கரையில் மரம் நடுகிற வேலை. காலையிலிருந்து வரிசையாகப் படிகள் நொறுங்கிக்கொண்டிருந்தன. படி இடிபட்ட வீட்டுக்காரர்கள் கூடி நின்றார்கள்.

“தெருவுக்கு நல்லதுதானக்கா? தண்ணி தேங்காது, நிழலும் கிடைக்கும்.”

“அத எனக்குச் சொல்லாதீய.”

“பெறகு போலீஸைத்தான் கூப்பிடணும்.”

“கூப்பிடுங்க. அவியளும் வந்து பாக்கட்டும்.”

ஜேம்ஸ்ராஜ் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு என்னதான்க்கா வேணும்?”

“அத்தன பேரு படியையும் இடிச்சீய. என் வீட்டு கார் ஷெட்ட மட்டும் தொடாமத் தாண்டிப் போறியளே, நியாயமா? ஓடைய அடைச்சிக்கிட்டு நிக்கதே அதுதான். அதையும் இடிங்க!”

ஜேம்ஸ்ராஜ் திகைத்தார். “அதத் தொடக்கூடாதுன்னு கவுன்சிலர் அண்ணாச்சி சொல்லியிருக்காவளே! கேக்கலாம்னா அவிய வெளியூர் போயிட்டாவளாம்.”

“போன் போடுங்க.”

போட்டார். அமுதவள்ளியின் வீட்டுக்குள் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“எடுக்க மாட்டாவ,” என்று எழுந்து நாற்காலியை மடக்கினாள் அமுதவள்ளி. “நீங்க இடிங்க தம்பி. எங்க வீட்டுக்காரருகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”